துளசி வாடினால் மருமகளைத் திட்டாதீர்கள்!

"டாக்டர், எங்க வீட்டுல துளசி தங்கவே மாட்டேங்குது. என்ன தோஷமோ தெரியலை!"

மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நான் சித்த மருத்துவன். சளி, இருமல் என்று வருகிறவர்களுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, "வீட்டுல ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லி வெச்சுக்கோங்க, ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். அவர்களும் ஆசையாக நர்சரிக்குப் போய் வாங்கி வந்து பால்கனியில் வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது செடி இருப்பதில்லை. மனக்குறை மட்டும் இருக்கிறது.

"தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. ஒரு நாள்கூட விட்டதில்லையே!"

நோய் அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் தொட்டிச் செடிகள் தாகத்தால் சாவதைவிட, தண்ணீரில் மூழ்கிச் சாவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். இதைக் கேட்டால் சிலருக்குக் கசக்கும். என்ன செய்வது, கஷாயம் கொடுத்தே பழகிவிட்ட கை!

வேருக்கும் மூச்சு உண்டு

செடி இலையால்தான் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அதில் பாதி தண்ணீர், பாதி காற்று என்று இருந்தால் வேர் சுகமாக இருக்கும். நீங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிடும். காற்றுக்கு இடம் ஏது? வேர் மூச்சு முட்டி அழுக ஆரம்பிக்கும். அழுகிய இடத்தில் பூஞ்சணம் புகுந்து மிச்சத்தையும் தின்னும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும். செடிக்குள் ஒரு சொட்டு ஏறாது. அதனால் இலை துவண்டு தொங்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஐயோ, தண்ணியில்லாம வாடிப்போச்சே!" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். அழுகல் இன்னும் கீழே இறங்கும். மறுநாள் இன்னும் வாடும். இன்னும் ஒரு சொம்பு...

தண்ணீர் குறைந்தாலும் வாட்டம், கூடினாலும் வாட்டம். மேலே தெரிகிற குறி ஒன்றுதான், நோய் இரண்டு. தலைவலி என்று வருகிற எல்லாருக்கும் ஒரே தைலத்தைத் தேய்த்து அனுப்புகிற வைத்தியரை நீங்கள் மதிப்பீர்களா? ஆனால் செடி விஷயத்தில் நாம் எல்லாரும் அந்த வைத்தியர்தான்.

சமீபத்தில் ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, நெஞ்சு படபடப்பு. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், ஏற்கெனவே எடுத்திருந்த ரத்தப் பரிசோதனையையும் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. "வீட்ல ஏதாவது மன வருத்தமாம்மா?" என்றதும் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவர்கள் ஃப்ளாட்டில் துளசி மூன்று முறை பட்டுப்போனதாம். "இவ கை வெச்ச நேரம், மகாலட்சுமியே தங்க மாட்டேங்கறா" என்று மாமியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எனக்குத் தோஷம் பார்க்கத் தெரியாது. அதனால் தெரிந்த கேள்வியைக் கேட்டேன்.

"தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்காம்மா?"

"இருந்தது டாக்டர். கீழ் வீட்டுக்காரங்க துணி காயப்போட்டா தண்ணி சொட்டுதுன்னு சண்டைக்கு வந்தாங்க. மாமா சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டார்."

சரியாகப் போயிற்று! மாமனார் அடைத்தது ஓட்டையை. பழி விழுந்தது மருமகள் தலையில். அதோடு தினமும் பூஜை முடிந்ததும் மாமியார் ஒரு செம்பு, ஆபீஸ் கிளம்பும்போது இந்தப் பெண் ஒரு செம்பு, பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா கருணையோடு ஒரு மக். வெளியே போக வழியில்லாத தொட்டியில் மூன்று பேர் தண்ணீர்! அந்தத் துளசி மூன்று மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

அடுத்த முறை மாமியாரையும் கூட்டிவரச் சொன்னேன். மூட்டு வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, "காலித் தொட்டி மண்ணை ஒரு தடவை கிளறி மோந்து பாருங்கம்மா" என்றேன். மறுவாரம் அவரே சொன்னார்: "சாக்கடை நாத்தம் டாக்டர்!" மனசில் இருந்ததெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோஷப் பேச்சு நின்றது. அந்தப் பெண் தூங்க ஆரம்பித்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துளசிக்கு ஆயுசு நம் வேப்பமரம் மாதிரி இல்லை. தொட்டியில் நன்றாகக் கவனித்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் அடித்தண்டு கட்டையாகி, இலை சிறுத்து, ஓய்ந்துவிடும். அது இயற்கை. கதிர் விட்டு விதை கட்ட ஆரம்பித்தால் இன்னும் சீக்கிரம் ஓயும். ஆகவே கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். இரண்டு கதிரை மட்டும் முற்றவிட்டு, உதிர்த்து, பக்கத்துத் தொட்டியில் மண்மேல் லேசாகத் தூவி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். தாய்ச்செடி ஓயும்போது பிள்ளைச்செடி தயாராக இருந்தால் யாரும் யாரையும் பார்த்து முணுமுணுக்க வேண்டியதில்லை.

தொட்டுப் பாருங்கள்

சித்த மருத்துவத்தில் நோயாளியை எட்டு விதமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். செடிக்கு நாடி கிடையாது, மொழியும் கிடையாது. ஆனால் தொட்டுப் பார்க்கலாம், நிறம் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். அது போதும்.

முதலில் மண்ணைத் தொடுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரிவதை நம்பாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே சில்லென்று ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். நகத்தில் மண் ஏறும் என்று யோசிக்கிற சகோதரிகள் ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை எடுத்துத் தொட்டியின் அடிவரை குத்தி, ஒரு நிமிஷம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தால் காய்ந்திருக்கிறது. கேக் வெந்ததா என்று குத்திப் பார்க்கிறீர்களே, அதே கணக்கு!

சின்னத் தொட்டியாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றியதும் ஒரு முறை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டால் கைக்கே கனம் பழகிவிடும். அப்புறம் விரலும் வேண்டாம், குச்சியும் வேண்டாம்.

இப்போதெல்லாம் நர்சரிகளில் தேங்காய் நார்க்கழிவைக் கலந்துதான் செடி கொடுக்கிறார்கள். கனமில்லாமல் இருக்கும், நல்லதுதான். ஆனால் அது தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். மேலே பொலபொலவென்று காய்ந்து நிற்கும். அடியில் பிழிந்தால் தண்ணீர் வரும். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். நார்க்கழிவு கலந்த தொட்டிக்குக் கட்டாயம் அடிவரை குச்சிப் பரீட்சை செய்யுங்கள்.

அடுத்து இலை. தண்ணீர் கூடிய செடியில் கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். மண்மேல் பாசியோ வெள்ளைப் பூஞ்சணமோ படரும். கொசு மாதிரிக் குட்டிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் தொட்டியைச் சுற்றிப் பறக்கும். தண்ணீர் குறைந்த செடியிலோ இலை ஓரம் கருகி, நொறுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மண் சுருங்கித் தொட்டி விளிம்பிலிருந்து விலகி நிற்கும்.

இன்னொரு விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தச் செடியும் கொஞ்சம் துவளத்தான் செய்யும். நாமே துவண்டுதானே கிடக்கிறோம்! சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயே இல்லை. காலை ஆறு மணிக்கும் துவண்டு கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? செடியைத் தொட்டியோடு சாய்த்து, மெல்லத் தட்டி, மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கையோடு வந்துவிடும். வாடையும் காட்டிக்கொடுக்கும்.

பத்தியம்

தாகத்தில் வாடிய செடிக்கு வைத்தியம் சுலபம். ஒரு பக்கெட்டில் பாதித் தண்ணீர் எடுத்துத் தொட்டியை உள்ளே இறக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். அரை மணி நேரம் போதும். ரொம்பக் காய்ந்த மண்ணுக்கு மேலிருந்து ஊற்றினால் சுவர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், வேருக்குச் சேராது. அதற்காகத்தான் பக்கெட் வைத்தியம்.

அழுகிய செடிக்குத்தான் பொறுமை வேண்டும். முதல் மருந்து, லங்கணம். தண்ணீரை நிறுத்துங்கள். வெளிச்சம் உள்ள, ஆனால் சுள்ளென்ற வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அழுகல் லேசாக இருந்தால் அதிலேயே பிழைத்துவிடும். கூடுதலாக இருந்தால் செடியை உருவி, பழுப்பு வேரையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புது மண்ணில், ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். வேர் பாதி போனால் மேலே கிளையும் பாதி போக வேண்டும். இருக்கிற கொஞ்ச வேர் எத்தனை இலைக்குத்தான் தண்ணீர் அனுப்பும்? வெட்டிய நுனிகளை வீணாக்காமல் தனியாக நட்டு வையுங்கள். துளசியும் கற்பூரவல்லியும் குச்சியிலேயே வேர்விடும். தாய் போனாலும் வம்சம் தங்கும்.

இந்தச் சமயத்தில் உரம் போடவே கூடாது. செடி வாடினால் உடனே கடைக்குப் போய் ஏதாவது ஒரு பாக்கெட் வாங்கிவந்து கொட்டுகிறார்கள். வயிற்றுப்போக்கில் கிடக்கிறவருக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா? புது வேர் விட்டு, புதுத் துளிர் வந்த பிறகுதான் ஊட்டமெல்லாம்.

அழுகிக் கொண்டிருக்கும் செடியின் இலையைப் பறித்துக் கஷாயம் வைக்காதீர்கள் என்பதையும் மருத்துவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். அதுவே நோயாளி, அதனிடம் போய் மருந்து கேட்கலாமா?

புது மண் என்றேன். செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. இது பெரும்பாலான மூலிகைகளுக்குப் போதும். எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவிப் போடுங்கள், இல்லையென்றால் மண் இறுகிவிடும். அடியில் ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் மண் ஓடாது. தொட்டியின் கால் பாகத்துக்கு ஜல்லியைக் கொட்டினால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்கள். உண்மையில் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் ஈரம் தேங்கி நிற்கும். வேருக்கு இருந்த இடமும் குறைந்துவிடும். ஒரே ஒரு சில் போதும்.

செடியின் ஊர் எது?

பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்த காலத்தில் குணபாடம் என்று ஒரு பாடம். மூலிகைகளின் குணம், சுவை, வீரியம் எல்லாம் அதில் வரும். புத்தகத்தில் படித்தால் பாதிதான் ஏறும். செடி இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் மறக்காது. பிரண்டையைப் பார்க்க வேண்டுமானால் காய்ந்த வேலியோரம் போக வேண்டும். வல்லாரையைப் பார்க்க வாய்க்கால் கரைக்குப் போக வேண்டும். கரிசலாங்கண்ணி வயல் வரப்பில், சேற்றுப் பக்கம் நிற்கும். கற்றாழை பொட்டல் காட்டில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே கொழுத்துக் கிடக்கும்.

இந்த நாலையும் வாங்கிவந்து ஒரே பால்கனியில் வரிசையாக வைத்து, ஒரே குழாயில் ஒரே அளவு தண்ணீர் பிடித்தால் எப்படி? காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து பூவாளியோடு நிற்கிற ரிட்டயர்டு பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, சமத்துவம் மனிதர்களுக்குத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அதன் ஊர் எது என்று கேளுங்கள்.

கற்றாழை, பிரண்டை இரண்டும் இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைப்பவை. மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வெயில் காலத்திலேயே வாரம் ஒரு முறை தாங்கும். கற்றாழை மடல் மெலிந்து உள்பக்கமாகச் சுருண்டால் தாகம். மடல் பழுப்பாகி, கண்ணாடி மாதிரி ஆகி, சொதசொதவென்று சாய்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது. கற்பூரவல்லியின் இலையைப் பாருங்கள், எவ்வளவு தடிமன்! அதுவும் சேமிக்கிற ஜாதிதான். கற்றாழை அளவுக்குப் பட்டினி வேண்டாம், ஆனால் மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல வெயில் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் கால் நனைந்துகொண்டே இருக்கக் கூடாது. வெற்றிலைக்கு நிழலும் குளிர்ச்சியும் பிடிக்கும். அதற்கும் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

வல்லாரை ஒன்றுக்குத்தான் உங்கள் தினசரி சொம்பு சரிப்படும். ஊற்றியே தீருவேன் என்று கை பரபரக்கிறவர்கள் வல்லாரை வளருங்கள். மனசும் ஆறும், சட்னிக்கும் ஆகும்.

ஹாலுக்குள் அழகுக்கு வைக்கிற மணி பிளாண்ட், பாம்பின் தோல் மாதிரிக் கோடு போட்ட ஸ்நேக் பிளாண்ட் இவையெல்லாம் வெளிச்சம் குறைந்த இடத்தில் இருப்பவை. வெளிச்சம் குறைந்தால் செடி வளர்வதும் குறையும், குடிப்பதும் குறையும். ஸ்நேக் பிளாண்டுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் தாராளம். ஆஸ்துமாக்காரர்கள் படுக்கிற அறையில் எப்போதும் நசநசவென்று ஈரமான தொட்டிகளை வைக்காதீர்கள். மண்ணில் வளரும் பூஞ்சணம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

தொட்டியையும் கவனியுங்கள். மண் தொட்டிச் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும், சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்கும் பீங்கானும் அப்படி விடாது. மண் தொட்டிக்குப் பழகிய கை, பிளாஸ்டிக்குக்கும் அதே அளவு ஊற்றினால் செடி சாகும். கத்திரி வெயிலில் சின்ன மண் தொட்டிக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் தேவைப்படலாம். அதே தொட்டிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாள்கூட ஒன்றும் தேவைப்படாது. "தினமும்" என்கிற வார்த்தையே செடிக்குப் பொருந்தாது.

ஊற்றும் நாளில் ஒழுங்காக ஊற்றுங்கள். அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை நிதானமாக ஊற்றிவிட்டு, பிறகு மண் காயும்வரை விட்டுவிடுங்கள். தினமும் அரை டம்ளர் தெளித்துக்கொண்டிருந்தால் மேல்மண் மட்டும் நனைந்து, ஆழத்து வேர் காய்ந்தே கிடக்கும். அன்பாக ஊற்றியும் தாகத்தில் சாகிற செடி இந்த வகைதான்.

வீட்டில் ஒருவர் மட்டும் தண்ணீர் ஊற்றுவது என்று வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது. ஒரே வியாதிக்கு மூன்று டாக்டரிடம் மருந்து வாங்கி மூன்றையும் சேர்த்து விழுங்குகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். செடிக்கும் ஒரு வீட்டில் ஒரு டாக்டர் போதும். அது மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஐயா, நீங்களும் விரலை விட்டுப் பார்க்கலாம்!

எந்தத் தண்ணீர்?

சில வீடுகளில் அளவு சரியாக இருக்கும், தொட்டியில் ஓட்டையும் இருக்கும், ஆனாலும் இலை நுனி தீய்ந்துகொண்டே வரும். தொட்டியின் வெளிச்சுவரிலும் மண்மேலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். போர் தண்ணீரின் வேலை. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே வரும். நுனி காய்கிறதே என்று அதே தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் உப்பும் கூடும்.

மழைத் தண்ணீரோ, உப்பில்லாத குழாய்த் தண்ணீரோ கிடைக்கிற நாளில் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நிதானமாக ஊற்றி, அடி வழியாக ஓடவிடுங்கள். சேர்ந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்து ஊற்றலாம். செடிக்குத்தான், நீங்கள் குடிக்க அல்ல.

ஆனால் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீர்? "வீணாப் போகுதே" என்று நல்ல மனசோடு அதைச் செடிக்கு ஊற்றுகிற குடும்பங்கள் நிறைய. நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தானே இருக்கிறது? போர் தண்ணீர் வீடுகளில் அதைப் பாத்ரூம் கழுவ, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். துளசிக்கு வேண்டாம்.

அரிசி களைந்த தண்ணீர் அவ்வப்போது நல்லதுதான். ஆனால் அதுவும் தண்ணீர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்! அரிசி களைந்தது, பருப்பு களைந்தது, காய் அலம்பியது எல்லாம் ஊற்றிவிட்டு, "இன்னிக்குத் தண்ணி ஊத்தலையே" என்று மறுபடியும் போகிறார்கள்.

தட்டில் நிற்கும் தண்ணீர்

கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைக்கிறோம். ஓட்டையை அடைப்பதைவிட இது மேல். ஆனால் அந்தத் தட்டில் நாள் கணக்கில் தண்ணீர் நிற்க விட்டால் வேரும் அழுகும், வீட்டுக்கும் ஆபத்து. டெங்கு காய்ச்சலைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மணி பிளாண்ட் வைத்த பாட்டில் என்று தெளிந்த தண்ணீர் நிற்கிற இடமாகப் பார்த்து வருகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பகலில் கடிக்கிற கொசு இது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பால்கனியில் விளையாடுகிற குழந்தையைத்தான் முதலில் கடிக்கும்.

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரை மக்களுக்குக் கொடுக்க அரசே ஏற்பாடு செய்தது. அதன்பிறகு மழைக்காலம் வந்தாலே "நிலவேம்புப் பொடி இருக்கா டாக்டர்?" என்று கேட்டு வருகிறார்கள். சித்த மருத்துவனான எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் எந்தக் கஷாயமும் உங்கள் தட்டில் வளர்கிற கொசுவைக் கொல்லாது. காய்ச்சல் வந்தால் ரத்தம் பரிசோதிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சல் வருவதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்துத் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். முடியாது என்றால் தட்டில் மணலை நிரப்பி அதன்மேல் தொட்டியை வையுங்கள். தட்டைக் கவிழ்த்துக் காயவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல வீடுகளில் வெள்ளிக்கிழமைதானே வீடு கழுவுகிற நாள்? அன்றைக்கே தட்டையும் பாட்டிலையும் சேர்த்துத் தேய்த்துவிடுங்கள். புழு நெளிகிற தண்ணீராக இருந்தால் சாக்கடையில் ஊற்றாமல், வெயில் படுகிற காய்ந்த தரையில் வீசிக் கொட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் காய்ந்து செத்துவிடும்.